மச்சாளின் மூன்றாம் வாய்பாடு

கேள்வி: நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. கணவரின் கண் சிகிச்சைக்காக வருடத்துக்கு ஒருமுறை இருவரும் மதுரைக்குப் போய் வருகிறோம். வரும் ஆடியிலும் போக வேண்டும். போன முறை கல்முனையில் ஒரு புடைவைக் கடையில் ஒன்றுக்கு 3.65 இலங்கை ரூபா படி 150,000 இந்திய ரூபா வாங்கி, இரண்டு கைப்பையிலும் பிரித்துக்கொண்டு போனோம். அதில் 60,000 எங்கள் செலவு. மிச்சம் 90,000க்கும் சொந்தக்காரர் சொன்ன சேலைகளும் வேட்டிகளும் எடுத்தோம். கைக்காசு போதாததால் காப்பு இரண்டை மாதம் நூற்றுக்கு ஒன்றேகால் வட்டியில் வங்கியில் அடகு வைத்தேன். காசு வந்து சேர ஏழு மாதமானது. இம்முறை கணவரின் அக்காவின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். கூறை, பட்டு வேட்டி, இனத்தவருக்குப் பன்னிரண்டு சேலை என்று இரண்டு இலட்சம் இந்திய ரூபாவுக்கு அக்கா பட்டியல் தந்திருக்கிறா. “வந்த கையோட தாறன், ஒண்டும் யோசிக்காத புள்ள” என்கிறா. இந்தியக் காசை எங்கே வாங்கினால் இலாபம்? மட்டக்களப்பு வங்கியிலா, அதே கடையிலா, டொலராகவா, அல்லது போய் இறங்கியபின்னா? அடகை நீடிக்கலாமா? கப்பலில் போனால் பொதி கூடக் கொண்டுவரலாம் என்கிறார்கள். மருமகன் வேறு, யூஎஸ்டிரி என்ற கிரிப்டோக் காசு எடுத்தால் வங்கிக்கே போகத் தேவையில்லை என்கிறான்.

பதில்: சகோதரி, எங்கே வாங்கினால் இலாபம் என்று நான்கு இடம் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே பதில் சொல்கிறேன், அதில் பெரிய காசு இல்லை. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், கணவரின் அக்காவான உங்கள் மச்சாளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “அவ எப்பவும் இந்திய ரூபாவ மூண்டால பெருக்கித்தான் நம்மட காசு தருவா.” உங்கள் காசு ஒழுகுவது அந்த வரியில்தான்.

போன வருடக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். சொந்தக்காரருக்காக 90,000 இந்திய ரூபா. நீங்கள் வாங்கிய விலை 3.65. ஆக உங்கள் கையால் போனது 328,500 ரூபா. அவர்கள் மூன்றால் பெருக்கித் தந்தது 270,000. துண்டு விழுந்தது 58,500. அடகு வட்டி முழுத் தொகைக்கும் ஏழு மாதம் ஓடியிருந்தால் இருபத்தெட்டாயிரத்துக்கு மேல் வரும். இடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியதால் 18,000 என்று குறைத்தே போடுகிறேன். விமானத்தில் கூடுதல் நிறைக்குக் கட்டியதாக நீங்கள் எழுதிய 14,000ஐயும் சேருங்கள். தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒரு ஆசிரியையின் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை உங்களிடமே விடுகிறேன்.

மச்சாள் ஏமாற்றுகிறா என்று நான் சொல்லவில்லை. 2022க்கு முன் ஒரு இந்திய ரூபா 2.70 அளவில் நின்ற காலத்தில் மூன்றால் பெருக்குவது நியாயமான கணக்கு. கொண்டுவருபவருக்கு அலைச்சல் காசாக முப்பது சதம் மிஞ்சும். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவை மிதக்கவிட்டது. 200 அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. இந்திய ரூபாவும் 4.50ஐத் தாண்டிப் போய்ப் பிறகுதான் இறங்கியது. நாட்டில் எல்லா விலையும் மாறியது, உங்கள் குடும்பத்து வாய்பாடு மட்டும் மாறவில்லை. மச்சாளுக்கு அது தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்காமல் காப்பை அடகு வைத்திருக்கிறீர்கள்.

இந்த வருடப் பட்டியலை அதே வாய்பாட்டில் போடுவோம். இரண்டு இலட்சம் இந்திய ரூபாவுக்கு 3.65 படி 730,000 வேண்டும். மூன்றால் பெருக்கினால் கிடைப்பது 600,000. வட்டி ஏறுவதற்கு முன்பே 130,000 ஓட்டை. அதுவும் கல்யாண வீடு. சமையல்காரர், மண்டபம், பந்தல், நகைக்கடை எல்லோரும் வாசலில் நிற்கும்போது சேலைக் காசு கடைசியாகத்தான் வரும். ஏழு மாதம் என்பது பத்து மாதமாகும். காப்பு அதுவரை வங்கியில் இருக்கும். ரூபா மறுபடி ஆடினால் அந்த நட்டமும் உங்களோடுதான். கட்டணம் வாங்காமல், பிணை கேட்காமல், நாணயமாற்றுக்கடையும் கடன் கொடுக்கும் கடையும் நீங்கள் ஒருவரே நடத்துகிறீர்கள்.

ஆகவே அடகை நீடிக்கும் பேச்சே வேண்டாம். பவுண் விலை ஏறியதால் அதே காப்புக்குக் கூடுதலாகத் தருவோம் என்று கவுண்டரில் சொல்வார்கள். உங்கள் கடன் கூடுகிறது என்பதைத்தான் அவ்வளவு இனிப்பாகச் சொல்கிறார்கள். கணவரின் கண்ணுக்கு அவசரம் என்றால் அடகு வையுங்கள், நான் மறிக்க மாட்டேன். இனத்தவரின் பன்னிரண்டு சேலைக்கு வேண்டாம்.

மச்சாளுக்கு என்ன சொல்வது? முதலில், சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் கணவர். அவருடைய அக்கா. தம்பி சொன்னால் அது கணக்கு, தம்பியின் மனைவி சொன்னால் அது கதை. ஊர் நடப்பு அப்படித்தான். அவர் சொல்லட்டும்: “அக்கா, இந்த முறை ஆஸ்பத்திரிக்கே காசு இறுக்கம். உங்கட சாறிக் காசைப் புறப்படுறதுக்கு ஒரு கிழமைக்கு முன்ன தந்தா அதுக்கும் சேத்து டொலர் எடுப்பம். வங்கிச் சிட்டை காட்டுவன், அந்த விலைதான் கணக்கு.” இவ்வளவு போதும். “சொந்தத்துக்குள்ள கணக்கா?” என்று கேட்டால் சிரித்துவிட்டு அதே வசனத்தை இன்னொரு தரம் சொல்லட்டும். காசு முன்னுக்கு வந்தால் வந்த அளவுக்கு வாங்குங்கள். வராவிட்டால் கூறைச் சேலையை மட்டும் உங்கள் அன்பளிப்பாக எடுங்கள், விலைக்கு ஒரு எல்லை வைத்துக்கொண்டு. கொடுத்ததைக் கொடுத்ததாக எழுதிவிடலாம். கொடுப்பதா கடனா என்று தெரியாமல் நிற்கும் காசுதான் குடும்பத்தில் முகத்தை முறிக்கிறது.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. மச்சாளும் உங்களோடு வரட்டும். அந்த 130,000 ஓட்டையைப் பார்க்கும்போது வீசாவும் ரிக்கெற்றும் பெரும்பாலும் மலிவாகத்தான் முடியும். மகளின் கூறையைத் தாயே தொட்டுப் பார்த்து எடுப்பா, தன் கடவுச்சீட்டில் தன் டொலரை வாங்குவா, பொதி நிறையும் அவவுடையது. பன்னிரண்டு பட்டுச் சேலையை ஒருவர் பெட்டியில் கண்டு, இது வியாபாரச் சாமான் என்று சுங்கத்தில் பிடித்தால் விளக்கம் சொல்வதும் அவவின் பாடு.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. உதாரண விலையில் போடுகிறேன், போகிற அன்றைய விலையை நீங்களே மாற்றிப் போடுங்கள். இங்கே வங்கியில் டொலரை 305க்கு வாங்கி, மதுரை நகருக்குள் அனுமதி பெற்ற நாணயமாற்றுநரிடம் 84 இந்திய ரூபாவுக்குக் கொடுத்தால், 305ஐ 84ஆல் வகுக்க ஒரு இந்திய ரூபா 3.63க்கு விழுகிறது. கல்முனைக் கடையில் 3.65. உங்கள் 60,000க்கு வித்தியாசம் 1,200 ரூபா, அவ்வளவுதான். விமான நிலையக் கவுண்டரில் அதே டொலருக்கு 79 தந்தால் 3.86 ஆகிவிடும், அங்கே 13,800 போகும். ஆகவே விமான நிலையத்தில் ஆட்டோச் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு வெளியே வாருங்கள். இதற்குமேல் சதக்கணக்குப் பார்த்து ஒரு நாள் லீவு போட்டு அலைய வேண்டாம்.

ஆனால் விலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 150,000 இந்திய ரூபாவைக் கைப்பையில் கொண்டுபோனதாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குத்தான் வியர்த்தது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு நாணய விதிப்படி நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பயணி இந்தியத் தாளாக ஆளுக்கு 25,000 வரைதான் உள்ளே கொண்டுபோகலாம், வெளியே கொண்டுவரலாம். இருவருக்கும் சேர்த்து 50,000. நீங்கள் அதற்கு மூன்று மடங்கோடு போயிருக்கிறீர்கள். பெட்டியைத் திறக்காதது உங்கள் அதிர்ஷ்டம். கப்பலில் போகலாமா என்று கேட்டீர்களே, அதே விதி அந்த 25,000ஐயும் விமான நிலையம் வழியாக மட்டும் என்று சொல்கிறது. காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் தொடங்கியபோது எல்லோரும் பொதி நிறையைப் பற்றியே பேசினார்கள், இதை யாரும் பேசவில்லை. கப்பலில் போவதென்றால் இந்தியத் தாள் கையில் வேண்டாம், டொலரோடு போங்கள். நோயாளியைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பில் இருந்து காங்கேசன்துறை, நாகபட்டினத்தில் இருந்து மதுரை என்று பஸ்ஸில் இழுபடுவது சரியா என்பதையும் ஒருதரம் யோசியுங்கள். இலங்கை ரூபாவை அதிகம் கொண்டுபோவதிலும் பிரயோசனமில்லை, அங்கே அதைக் கேட்டு வாங்க ஆள் குறைவு.

புடைவைக் கடையை விடுங்கள். வெளிநாட்டுக் காசு விற்க மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். பற்றுச்சீட்டு தராத இடத்தில் வாங்கிய காசுக்கு நாளை யாராவது கணக்குக் கேட்டால் உங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. அரசாங்கச் சம்பளம் எடுப்பவர் நீங்கள். கடவுச்சீட்டு, வீசா, ரிக்கெற், ஆஸ்பத்திரிக் கடிதம் நான்கையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். கொஞ்சம் இழுத்தடிப்பார்கள், தருவார்கள். பெரிய சிகிச்சைச் செலவு என்றால் ஆஸ்பத்திரியின் மதிப்பீட்டுக் கடிதத்தைக் காட்டி, வங்கி மூலமே அவர்களுடைய கணக்குக்கு அனுப்பலாம்.

காட் பாவிப்பதென்றால் இரண்டு விஷயம். அங்கே மெஷின் இலங்கை ரூபாவிலா இந்திய ரூபாவிலா என்று கேட்கும். இந்திய ரூபாவைத் தெரிவு செய்யுங்கள், மற்றதில் மெஷின்காரர் தன் விலையைப் போட்டுவிடுவார். கடனட்டையைப் போட்டு ஏ.ரி.எம்.மில் காசு எடுக்க வேண்டாம். எடுத்த அன்றே கட்டணமும் வட்டியும் தொடங்கும், அடகு வட்டி அதற்குப் பக்கத்தில் பிச்சை.

மருமகனின் யூஎஸ்டிரி. இந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் ஒரு புதுப் பெயரோடு வருகிறார்கள். இங்கே கடன், டெபிட் அட்டைகளால் கிரிப்டோ வாங்குவதை மத்திய வங்கி அனுமதிக்கவில்லை, ஆபத்து என்று பலமுறை எச்சரித்தும் இருக்கிறது. வேறு வழியாக வாங்கினாலும், மதுரையில் இறங்கி அதை யாரிடம் விற்பீர்கள்? உங்களுக்கு இந்தியாவில் வங்கிக் கணக்குக் கிடையாது. தெரியாத ஒருவனைத் தெருமுனையில் சந்தித்துப் போனைத் தட்டிக் காசு வாங்கப் போகிறீர்களா, ஒரு கண்ணில் கட்டோடு நிற்கும் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு? ஊரில் சல்லியைக் கொடுத்துச் சென்னையில் எடுக்கும் உண்டியலும் இதே வகைதான், இரண்டு நாட்டிலும் குற்றம்.

போனில் ஸ்கான் பண்ணி இந்தியாவில் கட்டலாம் என்றும் ஒரு கதை ஓடுகிறது. 2024 பெப்ரவரியில் இங்கே தொடங்கிய, இந்தியாவின் யுபிஐ என்ற போன் கட்டண ஏற்பாடு, இங்கே வரும் இந்தியர்கள் நம் கடைகளில் கட்டுவதற்கு. உங்கள் மட்டக்களப்பு வங்கி ஆப் அதனால் மதுரைக் கடையில் வேலை செய்யாது.

கடைசியாக, அலுமாரியில் கிடப்பதாக எழுதிய பழைய இந்தியத் தாள்கள். ஐந்து 2,000 ரூபாத் தாள்களும் 2023 மேயில் திரும்பப் பெற அறிவிக்கப்பட்டவை. சட்டப்படி செத்துவிடவில்லை, ஆனால் கடையிலோ சாதாரண வங்கியிலோ எடுக்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் சில அலுவலகங்களில் மட்டும்தான் மாற்றலாம், சென்னை அதில் ஒன்று. சென்னை வழியாகப் போவதாக இருந்தால் கடவுச்சீட்டோடு போய்க் கேளுங்கள், பத்தாயிரம் இந்திய ரூபா சும்மா இல்லை. அதற்கென்று மதுரையில் இருந்து தனிப் பயணம் வேண்டாம். 2016 நவம்பருக்கு முந்திய மூன்று 500 தாள்களும் அன்றோடு முடிந்துவிட்டன, அவற்றைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுங்கள். இம்முறை மிஞ்சும் காசைத் திரும்பும் முன் அங்கேயே செலவழித்து அல்லது டொலராக மாற்றிவிட்டு வாருங்கள்.