மேல்தளப் போல்ட் ஓட்டையில் ஒழுக்கு: கேள்வியும் பதிலும்

பாம்பன்: அண்ணே, பாய்மரம் வைத்த ஃபைபர் படகு. கயிறு கட்டும் கிளீட்டுக்குக் கீழே சொட்டுகிறது. கிளீட்டைச் சுற்றி சிலிகான் அடித்தும் மறுபடி ஒழுகுகிறது.

சுற்றி அடிப்பது வைத்தியமே இல்லை, தம்பி. கயிறு இழுக்கும்போதெல்லாம் கிளீட் மயிரிழை அசையும், வெளியே பூசிய விளிம்பு பிரிந்துவிடும். கழற்றித்தான் ஆகவேண்டும்.

அதற்கு முன் நுழையும் இடத்தைக் கண்டுபிடி. மேல்தளத்தின் இரண்டு ஃபைபர் தோலுக்கும் நடுவே பிளைவுட் இருந்தால், ஒரு ஓட்டையில் இறங்கிய தண்ணீர் உள்ளேயே ஓடி வேறு ஓட்டையில் சொட்டும். ஹோஸைச் சன்னமாகத் திறந்து, தாழ்வான இடத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு போல்ட்டாகப் பத்து நிமிடம் நனை. கீழே ஒருவர் டார்ச்சோடு இருக்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து, எது ஒழுகுகிறது என்றே தெரியாது.

கழற்றியதும் ஓட்டைக்குள் மெல்லிய கம்பியால் குத்திப் பார். கறுத்த ஈரத்தூள் வந்தால் பிளைவுட் மக்கிவிட்டது. வளைத்த ஆணியை ட்ரில்லில் மாட்டி, இரண்டு தோலையும் தொடாமல் நடுவில் உள்ள மரத்தை மட்டும் சுற்றிலும் 10 மி.மீ. தோண்டு. மக்கல் அதற்கு மேலும் போனால் மேல்தோலை வெட்டித் திறக்கும் வேலை, ஓட்டையோடு முடியாது. நன்றாகக் காயவிட்டு, அசிட்டோனால் துடைத்து, அடியில் டேப் ஒட்டு. வெறும் எபாக்ஸியை (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் ரெசின்) முதலில் தடவி மரம் குடிக்க விடு. பிறகு சிலிகா தூள் கலந்து கெட்டித் தயிர் பதத்துக்கு வந்த எபாக்ஸியை, காற்று சிக்காமல் இருக்க, சிரிஞ்சால் அடியிலிருந்து மேலாக நிரப்பு.

மறுநாள் அதன் நடுவில் போல்ட் அளவுக்குத் துளையிடு. இனி தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. இந்த வேலையின் உயிரே அதுதான். துளையின் மேல்வாயை 2 மி.மீ. சரிவாகச் சீவு, பசை அங்கே வளையமாக உட்காரும். பாலியூரித்தேன் அல்லது பாலிசல்ஃபைடு பசையைக் கிளீட்டின் அடியிலும் போல்ட் தலைக்குக் கீழும் தாராளமாக வை. போல்ட் தலையை ஒருவர் அசையாமல் பிடிக்க, கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட் சுழன்றால் பசை வளையம் அறுந்துவிடும். சுற்றிலும் பசை பிதுங்கியதும் நிறுத்து. ஒரேயடியாக முறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்து, உலோகம் ஃபைபர் மேல் காய்ந்து நிற்கும். பசை இறுகிய பின் நட்டை இன்னும் கால் சுற்று திருப்பு. அடியில் வெறும் வாஷர் போதாது. 5 அல்லது 6 மி.மீ. ஃபைபர் தகடு கொடு.

மண்டபம்: கையில் சிலிகான்தான் இருக்கிறது. இப்போதைக்கு அடிக்கலாமா?

வேண்டாம். அது ஒட்டிய இடத்தில் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது, எபாக்ஸியும் ஒட்டாது. அக்ரிலிக் கண்ணாடி ஜன்னல் மட்டும் விதிவிலக்கு. பாலிசல்ஃபைடு அந்தப் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும் என்பதால் அங்கே அதற்கென்று வரும் சிலிகான்தான்.

தங்கச்சிமடம்: எபாக்ஸி எதற்கு? படகையே பாலியஸ்டர் ரெசினில்தான் செய்கிறார்கள். அதே ரெசினை ஊற்றினால் போதும்.

படகு செய்வது வேறு, பழைய ஓட்டையை அடைப்பது வேறு. பாலியஸ்டர் இறுகும்போது கன அளவில் 5 சதவீதத்துக்கு மேலும் சுருங்கும். நாலு பக்கமும் சுவர் உள்ள குழியில் சுருங்கினால் சுவரை விட்டு விலகும். அந்த விரிசலே தண்ணீருக்கு வழி.

தங்கச்சிமடம்: ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் குறைத்துவிட்டால்?

குறைத்தால் சூடு குறையும், வெடிப்பு விழாது, ஆனால் சுருக்கம் போகாது. ஒரு சதவீதத்துக்கும் கீழே போனால் முழுதாக இறுகாமல் பிசுபிசுக்கும். மரத்தில் எபாக்ஸி அளவுக்கு அது பிடிக்கவும் பிடிக்காது.

தங்கச்சிமடம்: எபாக்ஸி மேல் ஜெல்கோட் (படகின் வெளிப்புறப் பளபளப்புப் பூச்சு) நிற்காதே! அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. பாலியஸ்டர் மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். எபாக்ஸி மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிப்பதில்லை. ஆனால் நாம் அடைக்கும் குழி முழுவதும் கிளீட்டின் அடியில் மறைகிறது, ஜெல்கோட்டுக்கு அங்கே வேலை இல்லை. நடுவில் மரமே இல்லாத கெட்டி ஃபைபரில், வெளியே தெரியும் இடத்தில் வேண்டாத ஓட்டையை மூடுவதென்றால் நீங்கள் சொல்வது சரி: சரிவாகத் தேய்த்து, மேட் (கண்ணாடியிழை விரிப்பு) வைத்து, பாலியஸ்டரிலேயே முடிக்கலாம்.

தேவிபட்டினம்: மரவள்ளம். பலகைச் சந்தில் கசிவு.

அது பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கலப்பத்து அடிக்கும் ஆசாரியின் வேலை. இங்கே சொன்ன எதையும் அதில் செய்யாதீர்கள்.

கீழக்கரை: பாய்மரக் கம்பி மாட்டும் பட்டையைச் சுற்றிப் பழுப்புக் கறை. எவர்சில்வர்தானே, துடைத்தால் போதுமா?

போதாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவை எதிர்ப்பதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். மேல்தளத்துக்குள் புதைந்த பகுதியில் உப்புத்தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் இல்லாமல் போனால் குழிகுழியாக அரிக்கும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். அந்தப் பட்டை அறுந்தால் பாய்மரமே சாயும். கழற்றிப் பார்க்கும்வரை பாய் ஏற்றாதீர்கள். மாற்றும்போது 304 ரக ஸ்டீல் வேண்டாம், 316 ரகம் கேட்டு வாங்குங்கள்.

தொண்டி: கைப்பிடிக் கம்பியின் காலைச் சுற்றி சிலிகான் அடிக்கலாமா?

பாம்பன்காரருக்குச் சொன்னதே. கழற்றுங்கள்.

ஏர்வாடி: ஐப்பசியில் செய்யலாமா?

மழையில் மரம் காயாது, ஈரத்தை எபாக்ஸிக்குள் பூட்டிவைத்தால் மக்கல் தொடரும். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் பொருத்தம். மற்றவர்கள் தை கழிந்து வெயில் ஏறியதும் தொடங்கலாம்.

ராமேஸ்வரம்: சிலிகானுக்குப் பதில் பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டும் மெத்தென்ற ரப்பர் பட்டை)?

நல்லது, பின்னாளில் கழற்றவும் சுலபம். போல்ட்டைச் சுற்றிக் கூம்பாக உருட்டி வைத்து மெதுவாக இறுக்குங்கள். அது இறுகாது, பிதுங்கிக்கொண்டே இருக்கும். சில நாள் விட்டு விட்டு நட்டை மறுபடி பிடிக்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே கூடாது. டீசல் ஊற்றும் மூடியைச் சுற்றியும் கூடாது. டீசல் பட்டால் கரையும், அங்கே பாலிசல்ஃபைடு வையுங்கள்.