வீட்டுப் பின்புறத்தில் கோழியும் காய்கறியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஐந்து சென்ட் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். பின்புறம் ஒன்றேகால் சென்ட் அளவுக்கு வெறும் மண் கிடக்கிறது. மூன்று பக்கமும் மதில். சென்ற ஆண்டு பத்து நாட்டுக்கோழிகள் வாங்கினோம். நட்டுவைத்த கத்தரி, வெண்டை நாற்றுகளை எல்லாம் அவை கிளறிப் போட்டுவிட்டன. ஆனி மாத மழையில் கூட்டிலிருந்து எழுந்த நாற்றத்தால் பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கலும் வந்தது. ஐந்து பேர் உள்ள எங்கள் குடும்பத்துக்குக் காய்கறியும் முட்டையும் இந்த இடத்திலேயே கிடைக்க வழி உண்டா?
– குடும்பத் தலைவி ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: உண்டு. ஆனால் அந்த இடத்துக்குப் பத்துக் கோழி அதிகம். ஒன்றேகால் சென்ட் என்பது ஏறத்தாழ 545 சதுர அடி. அதில் நான்கு அல்லது ஐந்து பெட்டைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முட்டை இடுவதற்குச் சேவல் தேவையில்லை, அடை வைத்துக் குஞ்சு பொரிக்க நினைத்தால் மட்டுமே வேண்டும். சேவல் இல்லையென்றால் விடியுமுன் கூவுகிற சத்தமும் இல்லை. மனத்தாங்கல் வந்த வீட்டாருக்கு அதுவே பாதி ஆறுதலாக இருக்கும்.

நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடும். இடையில் அடைக்கு உட்கார்ந்துவிடும். முட்டைதான் முக்கியம் என்றால், ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற இனத்தில் மூன்றும், குஞ்சு பொரிக்கும் ஆசைக்கு ஒரு நாட்டுப் பெட்டையும் வைத்துக்கொள்ளலாம். நன்றாகத் தீனி கிடைத்தால் அந்த இனம் ஆண்டுக்கு 200 முட்டை வரை இடும். தீனி என்றால் மிஞ்சிய சோறும் காய்கறித் தோலும் மட்டும் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முட்டை இடும் கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 கிராமுக்குக் குறையாத தீனி வேண்டும். குருணை, தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து வையுங்கள்; நம் கடற்கரைப் பக்கம் எளிதில் கிடைக்கும் சிப்பி ஓட்டைப் பொடித்துத் தனிப் பாத்திரத்தில் வைத்தால், தோல் மெலிந்த முட்டை வருவது நின்றுபோகும்.

இனி நாற்றத்துக்கு வருவோம். கோழி எச்சம் காய்ந்திருந்தால் பெரிதாக நாறுவதில்லை. ஈரம் பட்டால்தான் கண்ணைக் கரிக்கும் வாடை எழும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்குப் பொருந்துகிற கூடு நமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். கூட்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் கூரையை ஒன்றரை அடியாவது வெளியே நீட்டி இறக்குங்கள். உள்ளே நான்கு விரற்கடை கனத்துக்குக் காய்ந்த சருகோ மரத்தூளோ பரப்பி, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். நான் என் வீட்டில் வாரந்தோறும் செய்கிற சோதனை ஒன்று உண்டு: அந்தச் சருகில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பார்ப்பேன். உதிர்ந்து விழுந்தால் சரி. கொழுக்கட்டை போல உருண்டு நின்றால் ஈரம் ஏறிவிட்டது, அன்றைக்கே மாற்றவேண்டும். கம்பிவலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கீரியும் மரநாயும் பெரிய இடைவெளிக்காகக் காத்திருப்பதில்லை. வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியை அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு உரிய வயதில் போட்டுவிடுங்கள். அந்த நோய் வந்துவிட்டால் ஐந்து கோழிகளையும் ஒரே வாரத்தில் இழக்க நேரிடும்.

மாற்றி எடுத்த சருகை உடனே செடிக்குப் போடாதீர்கள். பச்சை எச்சத்தின் சூடு வேரைக் கருக்கிவிடும். நிழலில் குவித்து, மழை படாமல் மூடி, இரண்டு மாதம் மட்க வைத்த பிறகு போட்டால் கத்தரிக்கு அதைவிட நல்ல உரம் இல்லை. நம் பக்கத்து வெட்டுக்கல் கலந்த செம்மண் புளிப்புத்தன்மை உடையது. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சென்ட்டுக்கு இரண்டு கிலோ சுண்ணாம்பைத் தூவிக் கிளறிவிட்டால்தான் போட்ட உரம் செடிக்குச் சேரும்.

மதில் நிழலை ஒரு நாள் முழுவதும் கவனியுங்கள். ஆறு மணி நேரமாவது வெயில் விழும் பகுதியை வெண்டை, கத்தரி, மிளகாய்க்கு ஒதுக்கி மூன்றடி உயர வலையால் அடைத்துவிடுங்கள். மதிலை ஒட்டிக் கொடிப்பயறு ஏற்றலாம். அரை நிழலில் சேம்பும் சேனையும் வரும். முளைக்கீரையை நான்கு வார இடைவெளியில் மாறிமாறி விதைத்தால் அடுப்படிக்குக் கீரை ஓயாது. கோழிகளை மாலையில் ஒரு மணி நேரம் மட்டும், அறுவடை முடிந்த பாத்திக்குள் திறந்துவிடுங்கள். சென்ற ஆண்டு உங்கள் நாற்றைக் கெடுத்த அதே கால்கள் அங்கே களையையும் புழுவையும் கிளறி எடுத்து, அடுத்த நடவுக்கு மண்ணைப் பதப்படுத்திக் கொடுக்கும்.

கேள்வி: பாறசாலையில் இருக்கிறோம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் உள்ளங்கை அளவு நத்தைகள் இரவில் வந்து பயற்றங்கொடி, பப்பாளிக் கன்று, வாழைக்கன்று என எல்லாவற்றையும் தின்றுவிடுகின்றன. உப்பைத் தூவினோம், நத்தை செத்தது, செடியும் பட்டுப்போயிற்று. வேறு என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவர் ஒருவர், பாறசாலை

பதில்: நீங்கள் சொல்வது ஆப்பிரிக்க நத்தை. மண்ணில் உப்பைத் தூவவே தூவாதீர்கள். நத்தை போன பின்னும் அந்த உப்பு வேரடியில் தங்கிவிடும். உப்பு வாளிக்குள் மட்டும் இருக்கட்டும்.

பழைய சாக்கு ஒன்றை நனைத்து, அதனுள் முட்டைக்கோஸ் இலையையும் பப்பாளி இலையையும் திணித்து, அந்தி சாயும் நேரத்தில் தோட்ட ஓரத்தில் போட்டுவிடுங்கள். விடியுமுன் போய்ப் பார்த்தால் நத்தைகள் அதில் கூடியிருக்கும். அப்படியே எடுத்து, கெட்டியாக உப்புக் கரைத்த வாளித் தண்ணீரில் போட்டு, பிறகு தோட்டத்துக்கு வெளியே ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிடவேண்டும். ஓரிரு நாளில் விட்டுவிட்டால் பயனில்லை. இந்த உயிரில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. ஒவ்வொன்றும் முட்டை இடும், ஒரே ஈட்டில் நூற்றுக்கு மேலும் இடும். ஆகவே மழைக்காலம் முழுவதும் தொடர்ந்து பொறுக்கவேண்டும். பக்கத்து வீட்டாரும் சேர்ந்து செய்தால்தான் பலன் நிற்கும். கோடையில் இவை ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் உறங்கும். மதிலோரத்துச் செங்கல், மட்டை, ஓட்டுக் குவியல்களை அப்போதே அப்புறப்படுத்திவிடுங்கள்.

வெறுங்கையால் தொடக் கூடாது என்பதை வீட்டுக் குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள். மூளையுறை அழற்சியை உண்டாக்கும் ஒருவகைப் புழு இவற்றின் உடலில் இருக்கக்கூடும். கையுறை இல்லையென்றால் நெகிழிப் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். நத்தை ஊர்ந்த கீரையைப் பச்சையாகத் தின்னாமல், நன்றாகக் கழுவி வேகவைத்தே உண்ணுங்கள். என் வீட்டுக்கு இது விலைக்கு வாங்கிய ஒரு பூச்செடித் தொட்டியின் மண்ணோடு வந்தது. மிளகளவு மஞ்சள் முட்டைகளை அன்று நான் உரம் என்று நினைத்துவிட்டேன். அதிலிருந்து, வெளியிலிருந்து வரும் எந்தத் தொட்டியையும் பத்து நாள் தனியே நிறுத்தி, மண்ணைக் கிளறிப் பார்த்த பிறகே தோட்டத்துக்குள் விடுகிறேன்.

கேள்வி: நாகர்கோவிலில் வீட்டுப் பின்புறம் அரை சென்ட் இடம் உண்டு. அம்மா மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) நடச் சொல்கிறார். நடலாமா? இலையை ஆட்டுக்குப் போடலாமா?
– வாசகர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: அம்மாவின் ஆசைக்குக் காரணம் இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்கம் கொடுத்துப் பரப்பிய கிழங்கு இது; 1942இல் பர்மா அரிசி வருவது நின்றபோது நம் பக்கத்து வீடுகளின் பசியை ஆற்றியதும் இதுதான். ஆனால் எட்டு முதல் பத்து மாதம் வரை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அரை சென்ட்டில் மூன்றடி இடைவெளியில் நான்கைந்து மூடு மட்டும் நட்டு, இடையில் முதல் இரண்டு மாதம் கீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரடி உயரத்துக்கு மண்ணைக் கூட்டி, கணு மேல்நோக்கி இருக்கும்படி கம்பை ஊன்றவேண்டும். இலையில் மஞ்சள் தேமலும் சுருக்கமும் உள்ள செடியின் கம்பை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அந்த நோய் கம்பின் வழியே பரவும். நல்ல இனங்களின் கம்பைப் பற்றித் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம்.

இலையைப் பச்சையாக ஆட்டுக்குப் போடவே வேண்டாம். அதிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு நஞ்சாக மாறும் பொருள் உண்டு. வயிறு காய்ந்திருக்கும் ஆடு அதை நிறையத் தின்றால் நின்ற இடத்தில் விழுந்துவிடும். கிழங்கையும் தோல் நீக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டே உண்ணவேண்டும். கசக்கிற கிழங்கை விட்டுவிடுங்கள்.

கேள்வி: 1,000 லிட்டர் தொட்டியில் வளர்க்க ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?
– வாசகர் ஒருவர், களியக்காவிளை

பதில்: வாங்காதீர்கள். அந்த மீனை வளர்ப்பதை மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்குள் போனால் நம் நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிடும். அந்தத் தொட்டியில் எந்த மீனை விடுவது என்று உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் குஞ்சுகளைக் குறைந்த எண்ணிக்கையில் விடுங்கள். தொட்டியில் மாற்றும் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் வாழை மூட்டுக்குத் திருப்பிவிடுங்கள்.