வயசானவங்களுக்கு தசை கரையறது ரத்த டெஸ்ட்ல தெரியுமா?

ஒரே டெஸ்ட்ல பளிச்சுன்னு சொல்ற மாதிரி எதுவும் இன்னும் வரலைங்க. உங்க அப்பாவுக்கு தொடை மெலியுது, ஆனா கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு பார்க்க ரத்தத்துல அளக்குற கழிவு) 0.5 தான், கிட்னி சூப்பர்னு எழுதியிருக்கீங்கல்ல, அங்கதான் சிக்கல், கிரியேட்டினின் வர்றதே பெரும்பாலும் தசையிலேர்ந்துதான், தசை கம்மியானா அதுவும் கம்மியாதான் காட்டும். கிட்னிக்கே பார்க்குற இன்னொரு ரத்த டெஸ்ட் சிஸ்டாட்டின் சி, அது தசையை அவ்வளவா சார்ந்தது இல்ல, ரெண்டையும் ஒப்பிட்டா ஓரளவு பிடிபடும். உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற சிஆர்பி, இன்டர்லூகின் 6 ஏறும்பாங்க, அது காய்ச்சல் வந்தாலும்தான் ஏறும், எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. அதைவிட கைப்பிடி பலம் பாருங்க, தசை கரையறதுக்கான 2019 ஆசிய வரையறைப்படி ஆம்பளைக்கு 28 கிலோவுக்கு கீழ, பொம்பளைக்கு 18க்கு கீழன்னா கவனிக்கணும். மெஷின் இல்லையா, கையை மார்ல கட்டிக்கிட்டு நாற்காலிலேர்ந்து 5 தடவை எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க, 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.