கச்சான் எனும் வறண்ட சூட்டுக் காற்று வீசும் காலத்தில் ஹாட் டிஸ்க்கைக் காப்பது எப்படி?

கேள்வி: கல்முனையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோக்கள் முழுவதும் கம்பியூட்டருக்குள் இருக்கும் இரண்டு ஹாட் டிஸ்க்குகளில்தான். கூரை தகரம், ஏசி இல்லை. பகல் இரண்டு மணிக்கு எடிட் பண்ணும்போது ஒன்று 54 பாகை, மற்றது 57 பாகை காட்டுகிறது. ஐஸ் பைக்கற்றைத் துணியில் சுற்றி மேலே வைக்கலாமா அண்ணன்? மூவாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்க இப்போது வழியில்லை.

பதில்: தம்பி, ஐஸை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். கச்சான் வீசும் பகலில் காற்று காய்ந்திருந்தாலும், கடற்காற்று திரும்பியதும் ஈரம் வந்துவிடும். குளிர்ந்த சோடாப் போத்தல் மேசையில் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிஸ்க்கும் அப்படித்தான் வியர்க்கும். அதன் அடியிலுள்ள பச்சைப் பலகையில் ஒரு துளி இறங்கினால் போதும், மூன்று வருடக் கல்யாணங்கள் போய்விடும்.

இனி உங்கள் எண்களைப் பார்ப்போம். பெரும்பாலான டெஸ்க்டொப் டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் குறிக்கும் மேல் எல்லை 60 பாகை. 57 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். அதற்காக 30 பாகைக்கு இறக்கவேண்டும் என்று அலைய வேண்டாம். கூகுள் தன் டேட்டா சென்ரர்களில் ஓடிய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், சூடு நடுத்தரமாக இருக்கும்வரை பழுதாவது கூடவில்லை. மிகக் கூடிய சூட்டில்தான், அதிலும் மூன்று வருடம் தாண்டிய டிஸ்க்குகளில், வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே 45ஐ இலக்காக வையுங்கள். 40ஐ 35 ஆக்க ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

எந்த ஃபேன் போட்டாலும் டிஸ்க் அறைக் காற்றைவிடக் குளிராது. அதனால் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண வெப்பமானியைத் தொங்கவிட்டு இரண்டு எண்களையும் சேர்த்துக் குறியுங்கள். அறை 35, டிஸ்க் 57 என்றால் இடைவெளி 22. நாம் கை வைக்கக்கூடியது அந்த 22இல்தான். வேலை செய்யும் பெரிய டிஸ்க் ஒன்று வெளிவிடும் வெப்பம் ஆறு முதல் ஒன்பது வாட் வரைதான், ஒரு சின்ன எல்ஈடி பல்ப் அளவு. அதைத் தள்ளப் புயல் தேவையில்லை. டிஸ்க்கின் உடம்பை உரசிக்கொண்டு மெல்லிய காற்று ஓடிக்கொண்டே இருந்தால் போதும்.

காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள். கேசிங், அதாவது கம்பியூட்டரின் தகரப் பெட்டி, மேசையின் அறைக்குள் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள், அல்லது அந்த அறையின் பின்பலகையைக் கழற்றிவிடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு கேசிங் என்னிடம் வந்தது. தூசுக்காக வீட்டார் தைத்துப் போட்ட அழகான துணி உறை, கம்பியூட்டர் ஓடும்போதும் கழற்றப்படாமலே இருந்திருக்கிறது. பக்க மூடியைத் திறந்து டிஸ்க்கில் விரல் வைத்தேன், இரண்டு விநாடி தாங்கவில்லை.

அடுத்தது, இரண்டு டிஸ்க்கும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பக்கத்துத் தட்டுகளில் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கூடச் சுடுவது பெரும்பாலும் காற்றுப் படாமல் இருப்பதுதான். நடுவில் ஒரு தட்டை வெறுமையாக விட்டு மாற்றிப் பூட்டுங்கள். நான்கு ஆணிகளையும் இறுக்குங்கள். இரண்டு ஆணியில் தொங்கவிடும் பழக்கம் நம்மூரில் அதிகம். டிஸ்க்கின் சூடு இரும்புச் சட்டத்துக்கு இறங்குவது அந்தத் தொடுகை வழியாகத்தான்.

மூவாயிரத்தை ஒரே ஒரு சாமானில் போடுங்கள்: 12 சென்ரிமீற்றர் ஃபேன். கேசிங்கின் முன்பக்கம், டிஸ்க் தட்டுகளுக்கு நேர் எதிரே பூட்டவேண்டும், காற்று உள்ளே வரும் விதமாக. ஃபேனின் திறந்த முகம் காற்றை இழுக்கும், நான்கு கால்களும் ஸ்டிக்கரும் உள்ள பக்கம் தள்ளும். சந்தேகமென்றால் ஒரு டிஷ்யூத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஆணித் துளை பொருந்தாவிட்டால் கேபிள் டையால் கட்டலாம். பழைய சைக்கிள் டியூப்பில் நான்கு சிறு துண்டு வெட்டி, ஃபேனின் மூலைக்கும் தகரத்துக்கும் இடையில் வையுங்கள். ஃபேனின் அதிர்வு டிஸ்க்குக்கு ஏறக்கூடாது, சுழலும் டிஸ்க்குக்கு அதிர்வும் எதிரிதான். நான் இப்படிப் பூட்டிக் கொடுத்த இடங்களில் 10 பாகைக்குக் குறையாமல் இறங்கியிருக்கிறது. காசை மிச்சம்பிடிக்க பழைய பவர் சப்ளையைத் திறந்து அதிலிருந்து ஃபேனைக் கழற்றப் போகாதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும், கையைத் தூக்கி அடிக்கும்.

பக்க மூடியைத் திறந்து மேசை ஃபேனை நேரே பிடிப்பது ஒரு நாள் அவசரத்துக்குச் சரி. பழக்கமாக்கினால் மணலும் உப்புக்காற்றும் உள்ளே போய் இணைப்புகளில் துரு ஏறும். மூடியே இருக்கட்டும். முன் ஃபேனுக்கு வெளியே நுளம்பு வலைத் துண்டு ஒன்றை ஒட்டி, கிழமைக்கு ஒருதரம் கழற்றிக் கழுவுங்கள். வலையில் பஞ்சு படிந்தால் ஃபேன் இருந்தும் பயனில்லை. டிஸ்க்கின் மேல்மூடியில் குண்டூசித் தலை அளவில் ஒரு சிறு துளை தெரிந்தால் அதை டேப்பால் அடைக்காதீர்கள், அது உள்ளழுத்தத்தைச் சமப்படுத்தும் வழி.

பெரிய கொப்பி வேலைகளைப் பகலில் தொடங்காமல் விடியற்காலையில் ஓடவிடுங்கள். பகலில் தகரக் கூரை இறக்கிய சூட்டைச் சுவரும் தரையும் இரவிலும் விட்டுக்கொண்டேயிருக்கும், விடியப்புறம்தான் அறை தணியும்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால், இன்றிரவே ஒரு வேலை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து 05 (பழுதென்று டிஸ்க் ஒதுக்கிவிட்ட பகுதிகள்), சி5 (C5, வாசிக்கச் சிரமப்படும் பகுதிகள்) என்ற இரண்டு வரிகளின் கடைசி எண்ணைப் பாருங்கள். இரண்டும் பூச்சியமாக இருந்தால் நிதானமாக ஃபேன் வாங்கலாம். சி5இல் ஏதாவது எண் நின்றால் சில பகுதிகளை டிஸ்க்கால் வாசிக்க முடியாமல் இருக்கிறது, குளிரவைத்து அதைத் திருத்த முடியாது. அப்படியானால் அந்த மூவாயிரத்தைத் தொடாதீர்கள். யாரிடமாவது வெளி டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி, இன்னும் வாடிக்கையாளருக்குக் கொடுக்காத கல்யாணங்களை முதலில் கொப்பி பண்ணுங்கள். அந்த வெளி டிஸ்க்கையும் மெத்தையில் வைக்காமல் சீமெந்துத் தரையிலோ டைல்ஸிலோ வையுங்கள்.