தொழிற்சாலை இயந்திரங்களில் ஷாக் அப்சார்பர் எதற்கு? ஸ்பிரிங் போதாதா?

ஓடிவரும் பாரத்தை முட்டி நொறுங்கவிடாமல் மெல்ல நிறுத்தும் கருவிதான் ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கும் நிறுத்தும், ஆனால் வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும், பாரம் பின்னால் எகிறும். ஷாக் அப்சார்பர் அந்த ஆற்றலை வெப்பமாக்கிக் கரைத்துவிடுகிறது.

பரவலாகப் பயன்படும் வகையில், உள்ளே எண்ணெய் நிரம்பிய உருளை, ஒரு பிஸ்டன், சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் வழிவிடும். வேகமாக அழுத்தினால் கட்டைவிரலை எதிர்த்து நிற்கும். இங்கும் அதுதான் நடக்கிறது. கூடவே, பிஸ்டன் நகர நகரத் துளைகள் ஒவ்வொன்றாக அடைபடும்படி செய்திருப்பார்கள். அதனால் வேகம் குறைந்துகொண்டே வந்தாலும் எதிர்ப்பு ஏறக்குறைய சீராக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது.

100 கிலோ பாரம் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். 2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றால் சராசரி விசை 1,00,000 நியூட்டன். 50 மில்லிமீட்டரில் நின்றால் 4,000தான். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகிவிடும். ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது எடையை மட்டும் பார்த்தால் போதாது.

ஓயாத அதிர்வு வேறு பிரச்சினை. அதற்கு இயந்திரத்தின் அடியில் ரப்பர் அல்லது ஸ்பிரிங் தாங்கிகள் வைப்பார்கள். ரப்பர் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அளவுக்கு மீறிக் கெட்டியானால் அதிர்வு அப்படியே தரைக்கு இறங்கும், சில சமயம் பெருகவும் செய்யும்.