சார்புள்ள இடத்தில் தங்கி ஆராய்வது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுற்றுச்சூழல் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வின் இறுதிக்கட்டத்தில் இருக்கிறேன். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், போஸ்மன் நகரில் உள்ள பெர்க் என்ற ஆய்வு மையம், சந்தை, சொத்துரிமை, சுற்றுச்சூழல் ஆகியவற்றை ஆராய்பவர்களை வரவழைத்துத் தங்கவைத்து நல்கை அளிக்கிறது. விண்ணப்பிக்க எண்ணியபோது என் நெறியாளர், “அது சந்தையின் பக்கம் நிற்கும் இடம், அங்கே போய்வந்தால் உங்கள் முடிவுகளைச் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்” என்றார். போகலாமா?

ர.

அன்புள்ள ர.,

போகலாம். 1980இல் தொடங்கப்பட்ட அந்த மையம் தன் சார்பை ஒருபோதும் மறைத்ததில்லை. அதன் முன்னோடிகளான டெர்ரி ஆண்டர்சனும் டொனால்டு லீலும் 1991இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே தடையற்ற சந்தை இருக்கிறது. வெளியே தெரியும் சார்பைக் கணக்கில் கொண்டு படிக்க வாசகருக்கு முடியும். நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனங்களிடம்தான் எனக்குக் கூடுதல் எச்சரிக்கை உண்டு. நீங்கள் யோசிக்க வேண்டியது, எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்பதைத்தான்.

அந்த நிலப்பகுதியே நல்ல கேள்விகளைத் தரும். அமெரிக்க மேற்கில் ஆற்றுநீரை முதலில் திருப்பிப் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை. பயன்படுத்தாமல் விட்டால் உரிமையை இழக்க நேரும். மீன்களுக்காக நீரை ஆற்றிலேயே விட்டுவைப்பதை நெடுங்காலம் சட்டம் பயன்பாடாகவே ஏற்கவில்லை என்பதால், கோடையில் ஓடைகள் வற்றினாலும் தன் பங்கை வயலுக்குத் திருப்பாமல் இருக்க விவசாயிக்குக் காரணம் இருக்கவில்லை. 1989இல் மான்டானா, மீன்வளத்துக்காக அரசுத் துறை நீருரிமையைக் குத்தகைக்கு எடுக்க வழிசெய்தது. 1995இல் தனியாருக்கும் அந்த வாய்ப்பு திறந்தது. விவசாயிக்குப் பணமும் மீனுக்கு நீரும் கிடைத்தன என்று இதைச் சந்தையின் வெற்றியாகச் சொல்வார்கள். எனக்கும் இதில் உடன்பாடு உண்டு. ஆனால் எதைப் பயன்பாடு என்று கொள்வது என்பதை மாற்றிய சட்டமன்றம் இல்லாமல் அந்தச் சந்தை பிறந்திருக்காது. குத்தகைக்கு விட்ட நீர் கீழேயுள்ள அடுத்த வாய்க்காலில் எடுக்கப்படாமல் ஆற்றிலேயே ஓடுகிறதா என்று அளப்பது யார், அந்தச் செலவை ஏற்பது யார்? குத்தகைகள் குறைவாக இருக்கும் இடங்களில் காரணம் விலையா, அளவிடும் செலவா, அயலாரின் எதிர்ப்பா? இவற்றை ஆராய நல்லதொரு களம் அது.

உரிமை முதலில் யாருக்குப் பங்கிடப்படுகிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள். பேரம் பேசச் செலவில்லாவிட்டால் உரிமை யாரிடம் தொடங்கினாலும் வளம் நல்ல பயனுக்கே போய்ச்சேரும் என்ற வாதத்துக்குப் பொருளியலாளர் ரொனால்டு கோஸின் 1960ஆம் ஆண்டுக் கட்டுரையே வேர். ஆனால் யார் செல்வந்தராவார் என்பதை அது தீர்ப்பதில்லை. நியூசிலாந்து 1986இல் மீன்பிடிப் பங்குகளை விற்கத்தக்க உரிமையாக்கியபோது அந்நாட்டின் பழங்குடியினரான மாவோரி மக்கள் தங்கள் உரிமையைக் கோரி வழக்காடினர். 1992இல்தான் உடன்பாடு ஏற்பட்டது.

கிளம்புமுன், பொதுவளங்களை ஆராய்ந்த அறிஞர் எலினர் ஆஸ்ட்ரமின் 1990ஆம் ஆண்டு நூலையும் மறுபடி படியுங்கள். தனிச்சொத்தாகவும் அரசுடைமையாகவும் இல்லாமல், பயன்படுத்துவோரே விதிவகுத்து நெடுங்காலம் காத்துவந்த மேய்ச்சல் நிலங்களையும் நீர்ப்பாசனங்களையும் அவர் அதில் ஆராய்கிறார். போஸ்மனில் உங்கள் வரைவைக் கருத்தரங்கில் வைக்கும்போது, அங்குள்ளோர் எதிர்பாராத மூன்றாவது வழி ஒன்று உங்கள் கையில் இருக்கும். உடன்படாதவர்கள் ஒரே கூரையின்கீழ் நாள்தோறும் உங்கள் வாதத்தைக் கேள்வி கேட்பதே தங்கி ஆராய்வதன் பெரும்பயன். தபாலில் வரும் மதிப்புரைகளால் அது கிடைப்பதில்லை.

ஏற்கும்முன், முடிவு எதுவானாலும் முன்அனுமதியின்றி வெளியிடும் உரிமை உங்களுக்கு உண்டா என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டுரையின் நன்றிக்குறிப்பில் நல்கையைத் தவறாமல் சொல்லுங்கள். எந்த முடிவு வந்தால் உங்கள் கருதுகோள் தவறாகும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதி, அதன் படியை நெறியாளரிடமும் கொடுத்துவிடுங்கள்.