கேம் கன்சோல் கெட்டுவிட்டது: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

என் பிஎஸ்4 ஸ்லிம்மில் (சோனியின் பிளேஸ்டேஷன் 4) பீப் சத்தம் வருகிறது, விளக்கு எரிகிறது, டிவியில் படம் மட்டும் இல்லை. கடையில் "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். நம்பலாமா? (ஈரோடு)

விளக்கு என்ன நிறம் என்று எழுதவில்லையே! பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. ஆன் செய்ததும் நீலமாகத் துடித்து, பிறகு வெள்ளையாக நின்றால் கன்சோல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். படம் வெளியே வரும் வழியில்தான் கோளாறு. முதலில் வேறு கேபிள், வேறு டிவி போட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் முழுக்க அணைத்துவிட்டு, பவர் பட்டனை ஏழு நொடி அழுத்திப் பிடித்து, இரண்டாவது பீப் கேட்டதும் விடுங்கள். சேஃப் மோடு (கோளாறு பார்ப்பதற்கான அடிப்படை மெனு) திரை வந்தால், அங்கேயே ரெசல்யூஷனை, அதாவது படத்தின் அளவை, மாற்றிப் பார்க்கலாம்.

அதுவும் வரவில்லையா? டார்ச் அடித்து எச்டிஎம்ஐ போர்ட்டின் (டிவி கேபிள் சொருகும் துளை) உள்ளே பாருங்கள். 19 பின்களில் ஒன்று வளைந்து பக்கத்துப் பின்னோடு ஒட்டியிருந்தாலே படம் போய்விடும். கேபிளை மாட்டியபடியே கன்சோலை இழுத்து நகர்த்தும் வீடுகளில் இது சகஜம். ஹாட் ஏர் (சூடான காற்றால் சாலிடரை உருக்கும் கருவி) வைத்து வேலை செய்யத் தெரிந்தவருக்கு போர்ட் மாற்றுவது அன்றாட வேலை. போர்ட்டின் விலை அற்பம், நீங்கள் கொடுப்பது கூலிக்குத்தான். போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ சிப் போயிருந்தால் செலவு கூடும், அதையும் மாற்றலாம்.

நீல விளக்கிலேயே நின்று அணைந்துவிட்டால் விஷயம் வேறு. பவர் சப்ளை, ஹார்டு டிஸ்க், முக்கியச் சிப், மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். முதல் இரண்டில் ஒன்று என்றால் தாராளமாகச் சரிசெய்யுங்கள். அந்த ஹார்டு டிஸ்க் லேப்டாப்பில் வரும் சாதாரண 2.5 அங்குல டிஸ்க்தான். முக்கியச் சிப் என்றால் விட்டுவிடுங்கள். "சூடு காட்டி எழுப்பித் தருகிறேன்" என்பார்கள். எழும், சில வாரம் ஓடும், திரும்பப் படுத்துவிடும். மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கெட்டுப்போய், பவர் பட்டனைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரிந்த 'சிவப்பு வளைய' காலத்திலேயே பலர் பட்ட பாடு இது. அந்தக் கோளாறுக்காக மைக்ரோசாப்ட் 2007-இல் வாரண்டியை மூன்று ஆண்டாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது.

ஆகவே கடைக்காரரிடம் "போர்டில் எந்தப் பாகம்?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் உங்கள் கன்சோலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள். கேட்கும் தொகையைப் புதிய பிஎஸ்5 விலையோடு ஒப்பிடாதீர்கள். அதோடு ஒப்பிட்டால் எந்த ரிப்பேரும் மலிவாகத்தான் தெரியும். நல்ல நிலையில் ஓடும் பழைய பிஎஸ்4 என்ன விலைக்குக் கிடைக்கிறதோ, அதில் பாதியைத் தாண்டினால் நிறுத்திக்கொள்ளலாம்.

பழையதைத் தூக்கிப் போட்டால் மகன் பல வருஷமாக விளையாடிச் சேர்த்ததெல்லாம் போய்விடுமா? (மதுரை)

காசு கொடுத்து டவுன்லோடு செய்த கேம்களும் டிராஃபிகளும் (விளையாட்டில் சாதித்ததற்குக் கிடைக்கும் பதக்கங்கள்) அவருடைய அக்கவுண்டில் இருக்கின்றன, எங்கும் போகாது. பயப்பட வேண்டியது சேவ் ஃபைலுக்குத்தான், அதாவது விளையாட்டில் எதுவரை வந்தார் என்ற பதிவுக்கு. எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் அதற்குப் பின் வந்தவையும் சேவ்களைச் சந்தா இல்லாமலே கிளவுடில் ஏற்றிவிடும். பிளேஸ்டேஷனில் அதற்கு பிஎஸ் பிளஸ் சந்தா வேண்டும். பிஎஸ்4 என்றால் பென்டிரைவிலும் எடுத்துக்கொள்ளலாம். நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் மெமரி கார்டு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். சேவ் அதில் ஏறாது, உள் நினைவகத்தில்தான் இருக்கும்.

செத்துப்போன பிஎஸ்4-இன் ஹார்டு டிஸ்க்கை இன்னொரு பிஎஸ்4-இல் மாட்டினால் ஃபார்மட் செய்யச் சொல்லும். அந்த டிஸ்க்கில் இருப்பதைப் பழைய போர்டால் மட்டுமே படிக்க முடியும். சேவ் அவ்வளவு முக்கியம் என்றால், ரிப்பேர் செலவு கட்டுப்படியாகாவிட்டாலும் ஒருமுறை உயிர்ப்பித்து பென்டிரைவில் எடுத்துவிட்டு அப்புறம் கைகழுவலாம். இந்த ஒரு காரணத்துக்கு மட்டும் என் பாதி விலைக் கணக்கை மீறலாம்.

பிஎஸ்5 டிஸ்க்கை எடுத்துக்கொள்ளவில்லை. ஆன்லைனில் பழைய டிரைவ் வாங்கி மாட்டினேன், அதுவும் வேலை செய்யவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (திருச்சி)

அவசியம் அப்படி இல்லை தம்பி. டிரைவில் இருக்கும் சின்ன போர்டு, அது முதலில் இருந்த கன்சோலின் மதர்போர்டோடு மட்டுமே பேசும்படி ஜோடி சேர்க்கப்பட்டது. வேறு கன்சோலின் போர்டை மாட்டினால் டிஸ்க் ஓடாது. வாங்கிய டிரைவில் உங்கள் கெட்ட டிரைவின் போர்டை எடுத்து மாட்டச் சொல்லுங்கள்; கெட்டது லென்ஸோ ரோலரோ என்றால் சரியாகிவிடும். அந்தப் போர்டே போயிருந்தால், அதைச் சாலிடர் அளவில் சரிசெய்யத் தெரிந்த ஆள்தான் வேண்டும். அதனால் அந்தப் போர்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கழற்றி மாட்டும் டிரைவோடு 2023-இல் வந்த மாடலுக்கு இந்தத் தலைவலி இல்லை. முதல் முறை இன்டர்நெட்டில் பதிந்தால் போதும்.

கண்ட்ரோலரைத் தொடாமலே ஆள் நடக்கிறான். (கோவை)

இதற்கு டிரிஃப்ட் என்று பெயர். விரலால் நகர்த்தும் ஸ்டிக்குக்கு அடியில் கார்பன் பட்டை தேய்ந்திருக்கும். ஸ்ப்ரே அடித்தால் கொஞ்ச நாள் அடங்கும், தேய்ந்தது வளராது. காந்தத்தால் வேலை செய்யும், உரசலே இல்லாத ஹால் எஃபெக்ட் ஸ்டிக் போடச் சொல்லுங்கள். போட்டபின் காலிபரேட் செய்து (ஸ்டிக்கின் நடுநிலையைச் சரியாக அமைத்து) தருவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மாமா தந்த எக்ஸ்பாக்ஸ் 360. பிளக்கில் சொருகியதும் அடாப்டர் டப்பென்று வெடித்தது. கன்சோலும் போயிருக்குமா? (நாகர்கோவில்)

பெரும்பாலும் போயிருக்காது. அந்த அடாப்டர் 110 வோல்ட்டுக்கு உள்ளது, நம் வீட்டில் வருவது 230. அடி வாங்குவது முதலில் அடாப்டர்தான். நம் ஊர் வோல்டேஜுக்கான பழைய அடாப்டர் ஒன்று தேடுங்கள். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் விசாரித்துப் பார்க்கலாம். 360, 360 எஸ், 360 இ மூன்றுக்கும் பிளக் வெவ்வேறு என்பதால் கன்சோலைக் கையோடு கொண்டு போங்கள். அங்கேயே மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள். 360-இன் ஆன்லைன் கடையை 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள், அந்தக் கன்சோலில் இனி புதிதாக எதையும் வாங்க முடியாது. மாமா டிஸ்க்குகளும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அடாப்டர் வாங்குங்கள். வெறும் பெட்டிதான் என்றால் வேண்டாம்.